பச்சை நூல்பந்து

இந்த நோன்பில் மிச்சக் கம்பளி நூலையெல்லாம் ஏழைப் பிள்ளைகளுக்குச் சுவெட்டராகப் பின்னிவிட்டேன். பெட்டியின் அடியில், பூச்சி உருண்டை மணக்க, அந்தப் பச்சை நூல்பந்து மட்டும் கிடந்தது.

என் சிறுவயதில் உம்மாவும் ஒரு நோன்பில் மலைநாட்டுப் பிள்ளைகளுக்கென்று பச்சைச் சுவெட்டர் ஒன்று பின்னினார். அதன் ஒரு கைக்கு நூல் போதவில்லை. கல்முனைக் கடைகளில் அந்த நிறமும் இல்லை.

“பச்ச நூலக் கண்டியா புள்ள? கையில்லாம எப்பிடிக் குடுக்கிற?”

ஆசையில் ஒரு பந்தை ஒளித்து வைத்திருந்த நான், இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன். அன்று என் முதல் நோன்பு. வாயால் பொய் சொன்னால் முறிந்துவிடும். நோன்பு திறக்கப் பள்ளியில் வாங்கு சொன்னதும் உண்மையைச் சொல்லிவிடலாமென்று காத்திருந்தேன்.

அதற்குள் உம்மா, தொப்பியாவது பின்னலாமென்று, சுவெட்டரை வரிவரியாகப் பிரிக்கத் தொடங்கினார். இப்போது சொன்னால் தலையாட்டியதும் பொய்யாகி நோன்பு போய்விடுமென்ற பயத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு பார்த்திருந்தேன். வாங்கு கேட்டபோது அவர் மடியில் வெறும் நூல்தான் கிடந்தது.

உம்மா மௌத்தாகி அடக்கப்படும்வரை நான் சொல்லவில்லை. இந்தப் பந்தில் இன்றும் சரியாக ஒரு கை பின்னலாம்.