ரெண்டு வருஷமா வலிக்குது

தென்னேரிப் பொன்னியம்மாளிடம் யாரும் ரகசியம் வைத்துக்கொள்ள முடியாது. கெட்ட மனசு இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் வாலாஜாபாத்தில் இறங்குவதற்குள், அவர் மகளுக்கு எங்கே சம்பந்தம் பேசியிருக்கிறார்கள் என்பதுவரை விசாரித்துவிடுவாள். நாற்று நட்டுக்கொண்டிருந்தவளை, ஊர்ப்பக்கம் வந்த ஒரு பல்கலைக்கழகம் தன் மருத்துவ மையத்தில் வேலைக்கு எடுத்துக்கொண்டது. கூட்டிப் பெருக்குவது, வெந்நீர் வைப்பது, நோய் பெரிதானால் பிள்ளைகளோடு வேனில் ஏறிக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குத் துணை போவது. அவள் வாய்க்கு இதைவிடத் தோதான உத்தியோகம் ஏது?

வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்க வந்தபிறகு அவளுக்குக் கொண்டாட்டம்தான். தான்சானியாவிலிருந்து வந்த நீமாவைத்தான் அதிகம் குடைவாள். தலைவலி மாத்திரைக்கு வந்தால்கூட, மெஸ்ஸில் என்ன சாப்பிட்டாள், அவள் ஊரில் மழை பெய்ததா, வீட்டில் அம்மா என்ன சமைத்தாள் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெண் நகர முடியும். இப்படிப் பதில் சொல்லிச் சொல்லியே நீமாவுக்குத் தமிழ் வந்துவிட்டது. அதுவும் சுத்தமான தென்னேரித் தமிழ்.

ஒருநாள் அவள் பர்சிலிருந்து ஒரு அட்டை விழுந்தது.

“இன்னா கார்டுமா இது?”

“இன்சூரன்ஸ், பொன்னிமா. சேரும்போதே ஃபாரின் ஸ்டூடண்ட் எல்லாரும் பணம் கட்டணும். ஆஸ்பத்திரில படுத்தா கம்பெனி செலவு பண்ணும்.”

“நோவே வரலைன்னா?”

“கட்டுன பணம் போச்சு.”

“அப்போ நோவு வரணும்னு வேண்டிக்கிறதா, வரக்கூடாதுன்னு வேண்டிக்கிறதா?”

நீமா விழுந்து விழுந்து சிரித்தாள். பொன்னியம்மாள் சிரிக்கவில்லை. அவளுக்கு அது நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

சில நாள் கழித்து, காலையில் நீமா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மையத்துக்குள் வந்தாள். முந்தைய நாள் சாயங்காலம் தொடங்கிய வலியாம். நர்ஸ் வலப்பக்கம் லேசாக அழுத்தியதுமே அலறிவிட்டாள். உடனே வேன் கிளம்பியது. வழியெல்லாம் நீமா தன் பாஷையில் அம்மாவைக் கூப்பிட்டு அழுதாள். பொன்னியம்மாள் அவள் கையை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர், “எவ்வளவு நாளா வலி?” என்று கேட்டார். சுருண்டு கிடந்த நீமாவால் பேச முடியவில்லை.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். பொன்னியம்மாளின் புருஷன் கலியனுக்கு ஒருமுறை வயிற்றுவலி. ஆஸ்பத்திரியில் இவள் உள்ளதை உள்ளபடி, “காலைலேருந்துதான் சார்” என்று சொன்னாள். பெஞ்சின் கடைசியில் உட்கார வைத்துவிட்டார்கள். பின்னால் வந்தவன் “ஒரு மாசமா சார்” என்றான். முதலில் உள்ளே போனான். அன்றிலிருந்து பொன்னியம்மாள் துணை போகும் யாருக்கும் ஒருநாள் நோய் என்று எதுவும் கிடையாது.

“ரெண்டு வருஷமா வலிக்குது சார்” என்றாள். “பாவம், கேக்க நாதியில்லாத பொண்ணு. சீக்கிரம் பாருங்க.”

டாக்டர் எழுதிக்கொண்டார். சீக்கிரமாகத்தான் பார்த்தார்கள். ஸ்கேனில் குடல்வால் வீங்கியிருந்தது. இன்றே எடுத்தாக வேண்டும், விட்டால் வெடித்துவிடும் என்றார்கள். இன்சூரன்ஸ் மேசையிலிருந்த பிரேம்நாத் காகிதங்களைக் கம்பெனிக்கு அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் தொங்கியது.

“யக்கா, ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. பாலிசி எடுத்து எட்டு மாசம்தான் ஆவுது. ரெண்டு வருஷமா நோவு இருக்குதுன்னு கேஸ் ஷீட்டு சொல்லுது. முன்னாடியே இருந்த நோவுக்கு இந்தக் கார்டு செல்லாது. முன்பணம் கட்டினாத்தான் தியேட்டர்.”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். ஏரிக்கரைப் பொன்னியம்மாள் தன் வாயால் கெடுத்தது இன்னொருத்தி பெற்ற பிள்ளையை.

“அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட நான் பேசணும்பா” என்றாள்.

பிரேம்நாத் கம்பெனி டாக்டரைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டான். டியூட்டி டாக்டரும் வந்து நின்றார்.

“அந்தப் பொண்ணு இந்தியாவுக்கு வந்தே எட்டு மாசம்தானேமா? ரெண்டு வருஷமா வலிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றது போன்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். டாக்டர் தப்பாக எழுதிவிட்டார் என்று சாதிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. திரைக்கு அந்தப்பக்கம் நீமா முனகினாள்.

“தெரியாது சார். பொய் சொன்னேன். அப்பிடி சொன்னாத்தானே சீக்கிரம் பாக்குறீங்க.”

டியூட்டி டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அது பொய்னா, இப்ப சொல்றது மட்டும் உண்மைன்னு எப்படி நம்புறது?” என்றது போன்.

நல்ல கேள்வி. அடுத்தவர்களைக் கேட்டே பழகியவளை இப்போது இன்னொருவர் கேட்கிறார். மடை திறந்துகொண்டது.

“தினம் அவள நோண்டி நோண்டிக் கேக்குறவ நான்தான் சார். முந்தாநேத்து மூணு பரோட்டா துன்னா. ஞாயித்துக்கெழம வாலிபால் ஆடுனா. போன மாசம் பல்லுவலின்னு வந்தா, அதுக்கு முன்னாடி ஒரு தபா ஜுரம். வயிறுன்னு ஒருநாளும் வாயத் தொறக்கல. தொறந்திருந்தா நான் ஊருக்கே சொல்லியிருப்பேன் சார்!”

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. “டாக்டர், பேஷண்டையே கேட்டுத் திருத்தி அனுப்புங்க, பாக்கறேன்” என்றார் அவர். டியூட்டி டாக்டர் குனிந்து இங்கிலீஷில் கேட்டார். நேற்றுச் சாயங்காலத்திலிருந்துதான் என்று நீமா முக்கி முனகிச் சொன்னாள். மத்தியானத்துக்குள் அனுமதி வந்தது. தியேட்டர் கதவு மூடியது. அதன் பிறகுதான் பொன்னியம்மாளுக்கு அழுகை வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் நீமாவின் அம்மா வீடியோவில் வந்தாள். நீமா போனைத் திருப்பினாள்.

“எவ்ளோ வலிச்சுதுன்னு அம்மா கேக்குது. உன்னைத்தான் சொல்லச் சொல்லுது.”

டாக்டரிடம் ஒன்றைப் பத்தாக்குவோம். பெற்றவளிடம் பத்தை ஒன்றாக்குவோம். அதுதான் நம் வழக்கம். ‘ஒண்ணுமில்லமா, லேசாத்தான்’ என்பது பொன்னியம்மாளின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் திரையில் தெரிந்த முகத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரியாமல் தவிப்பது என்னவென்று இவளைவிட யாருக்குத் தெரியும்?

“நேத்து சாயங்காலத்துலேருந்துமா. ரொம்ப வலிச்சுது. உன்னத்தான் கூப்ட்டு அழுதா. நான் கைய வுடல.”

நீமா மெதுவாக மாற்றிச் சொன்னாள். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள்.

“இன்னா கேக்குறா?”

“நீ சாப்டியான்னு கேக்குது.”

“சாப்ட்டேன்னு சொல்லு” என்றாள் பொன்னியம்மாள் பழக்கதோஷத்தில். உடனே நீமாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இரு, இரு. காலைலேருந்து ஒண்ணும் துன்னலன்னு சொல்லு.”