இரண்டு இடதுகைக்காரர்கள், ஒரே கிளவுஸ்

மதுரையில் பேஸ்பால் ஆடுகிறேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "அது நம்மூர்ல எங்கடா இருக்கு?" என்பார்கள். தல்லாகுளம் பக்கம் நாங்கள் பயிற்சி செய்யும் மைதானத்துக்குக் காலை நடைக்கு வரும் பெரியவர் ஒருவர், இரண்டு வருடமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "தம்பி, ஸ்டம்ப் எங்கப்பா?" விளக்கிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

நாங்களும் ஒன்றும் பிறவி பேஸ்பால்காரர்கள் இல்லை. முக்கால்வாசிப் பேர் கிரிக்கெட்டில் இடம் கிடைக்காமல் வந்தவர்கள். பந்தை அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதே மண்டையில் ஏற மாதக்கணக்கானது. ஒரு தடவை நான் மட்டையோடு ஓடிப்போய், காலால் தொட வேண்டிய முதல் பேஸில் குனிந்து மட்டையைத் தரையோடு தேய்த்து நீட்டினேன். எதிரணிக்காரர்கள் சிரித்த சிரிப்பில் அடுத்த பந்தை எறிய ஐந்து நிமிடம் ஆனது.

அப்போது எனக்கு இருபது வயது. திருமங்கலத்தில் விடிவதற்கு முன்பே பஸ் ஏறினால்தான் ஆறு மணிக்குப் பந்தைத் தொட முடியும். ஒன்பதரைக்கு, காதில் செம்மண்ணோடு, மொபைல் கடையில் நின்று ஸ்க்ரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருப்பேன். அம்மா மிஷன் பள்ளி ஆசிரியை. டிபன் பாக்ஸை நீட்டிக்கொண்டே, "எம்புட்டு நாளைக்குத்தான்டா இதக் கட்டிக்கிட்டு அழுவ?" என்பார். மாநிலப் போட்டிக்குப் போனால் சான்றிதழ் கிடைக்கும். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஏதாவது ஒரு வேலைக்கு வழி பிறக்கும். அந்த வருடமும் மாவட்ட அணியில் இடம் கிடைக்காவிட்டால் இனி பந்தைத் தொடுவதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

எங்களுக்குக் கிளவுஸ் பஞ்சம். இரண்டு அணிக்கும் சேர்த்து ஒரே செட்தான். ஃபீல்டிங் முடித்தவன் தன் கிளவுஸைக் கழற்றி, அதே இடத்துக்கு வரும் எதிரணிக்காரன் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேட்டிங்குக்குப் போக வேண்டும். பந்து எறியாத கையில் மாட்டுவது அது. வலது கையால் எறிபவர்களுக்கு எட்டு இருந்தன. இடது கையால் எறிபவர்களுக்கு ஒன்றே ஒன்று. இடதுகைக்காரர்களும் இரண்டே பேர்: நானும், கோரிப்பாளையத்திலிருந்து வரும் என் வயதுக்காரன் ஒருவனும். இரண்டு பேருமே பிட்சர்கள், அதாவது மட்டைக்காரனை நோக்கிப் பந்து எறிபவர்கள்.

அவன் எறிவதை முதன்முதலில் பார்த்த நாளை எப்படிச் சொல்வது! ஆள் என்னைவிட ஒல்லி. காலைத் தூக்கி, உடம்பை ஒரு சுழற்று சுழற்றி விடுவான். பந்து மார்பு உயரத்துக்கு வருகிற மாதிரி வந்து, மட்டைக்குப் பக்கத்தில் சட்டென்று கீழே இறங்கிவிடும். அடிக்க நின்றவன் ஒவ்வொரு தடவையும் காற்றைத்தான் அடித்தான். எனக்குப் பொறாமை வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ பிரமிப்புதான். மனிதக் கை இதைச் செய்யுமா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவன் கழற்றிக் கொடுத்த கிளவுஸில் கையை நுழைத்தால் உள்ளே சூடாக, ஈரமாக இருக்கும். அதை மாட்டியதும் நானும் கொஞ்சம் அவனாகிவிட மாட்டேனா என்று ஒரு நப்பாசை.

மாவட்ட அணித் தேர்வு ஆட்டத்தன்று கோச் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "லெஃப்ட் ஹேண்ட் பிட்சர் ஒருத்தனத்தான் கூட்டிட்டுப் போவேன்." எங்களை எதிரெதிர் அணியில் போட்டார். ஏழு சுற்று ஆட்டம். ஒவ்வொரு சுற்றிலும் நான் எறிந்து முடித்து அவனிடம் கிளவுஸைக் கொடுப்பேன். அவன் எறிந்து முடித்து என்னிடம் கொடுப்பான்.

ஆறாவது சுற்றில் என் முறை முடியப்போகும் நேரம், கிளவுஸின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் இருக்கும் பின்னலின் தோல் கயிறு அறுந்தது. பந்து நிற்பதே அந்த இடத்தில்தான். முகத்துக்கு நேரே வேகமாக வரும் பந்து இனி அதில் நிற்காது, பொத்துக்கொண்டு போய்விடும். எனக்கு அது தெரியும். அறுந்த பக்கம் உள்ளே போகும்படி கிளவுஸை மடித்து அவன் கையில் கொடுத்தேன். "ஆல் தி பெஸ்ட் மாப்ள" என்று வேறு சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பிட்சர் நிற்கும் மேட்டுக்குப் போனதும் அவன் கிளவுஸை விரித்துப் பார்த்தான். உட்கார்ந்து, இடது கால் ஷூவின் லேஸை உருவி, ஓட்டை ஓட்டையாகக் கோத்து, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டான். "டைம் ஆச்சுப்பா" என்று அம்பயர் கத்தினார். ஷூ தொளதொளவென்று ஆட எழுந்து நின்றான்.

அவன் எறிந்த மூன்றாவது பந்தை எங்கள் ஆள் ஓங்கி அடித்தான். அது நேராக அவன் முகத்துக்குப் போனது. அவன் வலது கை எப்போது மேலே வந்தது என்று நான் பார்க்கவில்லை. பந்து அந்த லேஸ் பின்னலில் அடித்து நின்றிருந்தது. அவன் கிளவுஸுக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

கடைசிச் சுற்றில் லேஸ் கட்டிய அதே கிளவுஸை என்னிடம் கொடுத்தான். எங்கள் அணி ஒரு ரன் முன்னால் இருந்தது. அவர்களில் இரண்டு பேர் அவுட், ஒருவன் ரன்னுக்கு ஓடி வரத் தயாராக மூன்றாவது பேஸில் நின்றான். கடைசி ஆளாக அவனே அடிக்க வந்தான். நான் எறிந்த பந்தை அடித்துவிட்டு ஓடினான். முதல் பேஸை அவன் தொட்டிருந்தால் ஆட்டம் சமமாகியிருக்கும். பாதி வழியில் இடது ஷூ கழன்று விழுந்தது. ஒரே ஒரு எட்டு வித்தியாசத்தில் அவுட்.

கோச் என் பெயரைப் படித்தார். பிள்ளைகள் என்னைத் தூக்கிச் சுற்றினார்கள். அவனும் வந்து முதுகில் தட்டினான். அவன் ஷூவைத் தேடி எடுத்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"மாப்ள, அது என் கையிலயே அந்துருச்சுடா. தெரிஞ்சுதான் குடுத்தேன்."

"தெரியும். நீ மடிச்சுக் குடுத்தப்பவே தெரியும்."

"பெறகு எதுக்குடா அந்த லேஸோட என்கிட்ட குடுத்த? உருவிக்கிட்டு ஒழுங்கா ஓடியிருக்கலாம்ல?"

அவன் புரியாமல் என்னைப் பார்த்தான். "லேஸ உருவிட்டா, பந்து ஒன் மூஞ்சிக்கு வந்தா என்ன செய்வ?"

தேர்வான செய்தியை அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.