ஆமைத் தொட்டிக் கண்ணாடி

என் கடை மேசைமேல் ஒரு கண்ணாடித் துண்டு கிடக்கிறது. ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம். கையைக் கிழிக்காமல் இருக்க நான்கு ஓரங்களையும் உப்புத்தாள் போட்டு நானே தேய்த்தேன். அதற்கடியில் லாட்ஜ்காரர்களின் விசிட்டிங் கார்டுகளைச் செருகி வைத்திருக்கிறேன். "என்ன அண்ணா, மேசைல பாதிதான் மூடுது, அளவு தெரியாம வெட்டிட்டீங்களா?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அது மேசைக்கு வெட்டியதே இல்லை, ஓர் ஆமைக்கு வெட்டியது. சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று சிரித்து மழுப்பிவிடுவேன்.

திருவண்ணாமலையில், செங்கம் சாலையிலிருந்து பிரிகிற தெருவில் எனக்கு எலக்ட்ரிகல் கடை. கடையிலிருந்து நாலு வீடு தள்ளி சிஸ்டர் இருந்தார். பிரசவ வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகள் ஓசூரில். எங்கள் தெருவில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள், நானும்தான். அவர் வீட்டு மாடி அறையில் குடியிருந்த பெங்களூர்ப் பெண் ஒருத்தி, ஆறு மாதம் தியானம் செய்துவிட்டுக் கிளம்பும்போது, உள்ளங்கை அளவு ஆமை ஒன்றைத் தொட்டியோடு விட்டுவிட்டுப் போனாள். பெரிய ஊர்க் கடைகளில் விற்பார்களே, காதோரம் சிவப்புக் கோடு போட்டது, அந்த ஆமை. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று எதிர்வீட்டம்மா பயமுறுத்திப் பார்த்தார். "அமீனா வந்தா ஜப்தி பண்ணுவான். இது கீரையத்தான திங்குது, இருந்துட்டுப் போவட்டும்" என்றார் சிஸ்டர்.

தினமும் காலையில் ஆமையை ஒரு பிளாஸ்டிக் டப்பில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுவார். கவிழ்த்த பக்கெட்டின்மேல் மலையைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். அரை மணி நேரம் ஆமைக்கு வெயில், அவருக்குப் பக்கத்து மாடிப் பெண்களோடு பேச்சு. மூட்டு வலியால் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்குவார். கடையிலிருந்து பார்க்கும் எனக்கு அது பொறுக்கவில்லை.

மார்கழி வந்தது. மலையே தெரியாத பனி. ஆமை தின்பதை நிறுத்திக் கல்லுபோலக் கிடந்தது. "சூடு கம்மியா இருக்குதுப்பா, ஒரு பல்பு கில்பு போட முடியுமா?" என்று சிஸ்டர் கடைக்கு வந்தார். போதாதா எனக்கு? அடுத்த பத்து நாளும் வியாபாரத்தைவிட ஆமைதான் பெரிதாக இருந்தது. செல்போனில் வீடியோ பார்த்தேன். எல்இடி வெளிச்சம் தரும், சூடு தராது. அதனால் பழைய சரக்கில் கிடந்த அறுபது வாட் குண்டு பல்பைத் தேடி எடுத்தேன். தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்க மீன் தொட்டி ஹீட்டர். வெயிலுக்குப் பதிலாக எலும்புக்கு வலு கொடுக்கிற தனி விளக்கு ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். பெட்டியில் இருந்த பொடி எழுத்துக் காகிதத்தைப் படிக்காமல் மேசை டிராயரில் போட்டேன். இருபது வருஷம் வயர் பிடித்தவனுக்குக் காகிதம் எதற்கு?

எல்லாம் மாட்டிய பிறகு ஒரு பயம் வந்தது. ஆமை தண்ணீரை அடிக்கிறது. சூடான பல்பில் ஒரு துளி பட்டால் வெடிக்கும், சிஸ்டர் கையை விடும்போது ஷாக் அடிக்கலாம். அதனால் அளவெடுத்து, கண்ணாடி வெட்டி, ஓரம் தேய்த்து, விளக்குகளுக்கும் ஆமைக்கும் நடுவில் தொட்டியை மூடினேன். இரண்டு பக்கமும் காற்றுக்கு இடைவெளி. வேலை பார்ப்பதற்கே அழகாக இருந்தது. "இனிமே நீங்க மாடி ஏறவே வேணாம் சிஸ்டர்" என்றேன். அவர் அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். "வீட்டுக்குள்ளயே சூரியனக் கொண்டாந்துட்ட" என்றார். அந்த வார்த்தையில் நான் நாலு மாதம் மிதந்தேன்.

ஆமை தின்ன ஆரம்பித்தது. பங்குனியில் மறுபடி நிறுத்தியது. தொட்டுப் பார்த்தால் ஓடு நனைந்த அட்டைபோல அமுங்கியது. எலும்புக்குச் சத்து கம்மி என்று கால்நடை டாக்டர் மருந்து கொடுத்தார். நான் காலையும் மாலையும் போய்த் தொட்டியெதிரே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் உள்ளே போனதும் கண்ணாடியில் கை வைத்தேன். காலையிலிருந்து எரிகிற விளக்குக்கு அடியில் அது சுடவே இல்லை, சில்லென்று இருந்தது. விளக்குக்கு வலு குறைந்துவிட்டதோ என்று நினைத்தேனே தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

சித்திரை பிறந்து நாலாம் நாள் ஆமை செத்தது. கொல்லை முருங்கையடியில் புதைத்தோம். "தீனி போடத் தெரியல எனக்கு. பாவம், நான்தான் கொன்னுட்டேன்" என்று சிஸ்டர் எல்லோரிடமும் சொன்னார்.

அந்த வாரம் விளக்கின் வாரண்டியைத் தேடும்போதுதான் டிராயரில் கிடந்த காகிதத்தைப் படித்தேன். விளக்குக்கும் பிராணிக்கும் நடுவே கண்ணாடி வைக்காதீர்கள், பலன் தரும் கதிர் அதில் நின்றுவிடும் என்று முதல் வரியிலேயே இருந்தது. வெளிச்சம் போயிருக்கிறது, சூடும் கொஞ்சம் போயிருக்கிறது, எது வேண்டுமோ அது மட்டும் போகவில்லை. கிடைத்துக்கொண்டிருந்த மாடி வெயிலையும் நானே நிறுத்தியிருக்கிறேன்.

சொல்லியிருக்க வேண்டும். நாலு வீடுதான் தூரம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் மகள் வந்து சிஸ்டரை ஓசூருக்கு அழைத்துப் போய்விட்டார். கிளம்பும்போது சிஸ்டர் அந்தக் கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். "நல்லா வழவழன்னு தேச்சிருக்க. வேற எதுக்காச்சும் வச்சுக்க."

ஒவ்வொரு வருஷமும் தீபத்தன்று அவர் போன் செய்வார், "ஏத்திட்டாங்களா? தெரியுதா?" என்று. ஒவ்வொரு வருஷமும் தீபத்தை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். போன கார்த்திகையில் ஒரு கல்லூரிப் பெண் ஆமைத் தொட்டிக்கு விளக்கு கேட்டுக் கடைக்கு வந்தாள். "கண்ணாடி மட்டும் நடுவுல வச்சிடாதம்மா" என்று நாலு தடவை சொல்லி அனுப்பினேன். முன்பின் தெரியாதவளிடம் சொல்ல வாய் வந்தது, சிஸ்டரிடம் வரவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அந்தத் தீபத்தன்று அவர் போன் வந்ததும் சொல்லிவிட்டேன். நீங்க கொல்லல சிஸ்டர், நான் போட்ட கண்ணாடிதான்.

"தெரியும்ப்பா" என்றார். "முப்பது வருஷம், புள்ளைய வெளிய கொண்டாந்து வெயில்ல காட்டு, ஜன்னல் கண்ணாடிக்குள்ள காட்டாதன்னு சொன்னவ நான். ஓடு மெத்துனு ஆனப்புறம்தான் உறைச்சுது. கடைசி பதினஞ்சு நாளு கண்ணாடிய எடுத்துட்டுத்தான் வச்சிருந்தேன். உன் செருப்புச் சத்தம் கேட்டா மட்டும் எடுத்து மூடிடுவேன். ஆசையா செஞ்சு குடுத்த, உன் மூஞ்சப் பாத்து எப்பிடிச் சொல்றது?"

அவர் வேறு ஏதோ பேசினார், எனக்குக் காதில் ஏறவில்லை. அக்கறை என்று நினைத்துக் காலையும் மாலையும் நான் போய் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அந்த ஆமைக்கு வேண்டிய கதிரை மூடி வைத்திருக்கிறார் சிஸ்டர், எனக்காக. ஒரு தப்பை என்னிடம் சொல்ல முடியாதபடி, அவ்வளவு பெருமையோடு நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

போனை வைத்துவிட்டு மேசைக் கண்ணாடியில் கை வைத்தேன். அன்றைக்குப் போலவே சில்லென்று இருந்தது.