கெட்டிலில் சூடான கிழங்கு

என் வீட்டுக்காரர் எப்படிப்பட்ட ஆள் என்று யாராவது கேட்டால் அவருடைய ஊர், படிப்பு, வேலை எதையும் நான் முதலில் சொல்வதில்லை. லாட்ஜ் ரூமில் தண்ணீர் சுட வைக்கிற கெட்டிலுக்குள் குச்சிக்கிழங்கை, மரவள்ளியைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம், அதைப் போட்ட மனுஷன் என்றுதான் ஆரம்பிப்பேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முழுசாகக் கேட்டபிறகு யாரும் அந்த மாதிரி சிரித்ததில்லை.

பெயர் சிலம்பரசன். சித்தேரி மலையில் பிறந்து வளர்ந்தவர். பத்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டார். சாமை விதைப்பார், புளி உலுக்கப் போவார், சீசனில் கடுக்காய் பொறுக்குவார். கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்ச காலம் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனார். மூணாவது மாடியில் ஏறி நின்று பார்த்தாலும் ஒரு மலைகூடக் கண்ணில் படவில்லை என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். இதற்குப் போய் யாராவது வேலையை விடுவார்களா என்று நான் கேட்டதற்கு, வேற எதுக்கு விடறது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பேச்சு கம்மி. ஆனால் காதில் ஒரு சொல் விழுந்துவிட்டால் போதும், அதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்வார். சின்ன வயதில் என் மாமியார், அந்த மாடு முட்டும், கிட்டப் போகாதே என்று சொல்லி வைத்திருக்கிறார். மாடு செத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அது கட்டியிருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் நடப்பார். நான் வத்தல்மலைக்காரி. தருமபுரியில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. முடித்தவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் சட்டென்று வரும். எங்கள் இரண்டு பேரையும் யார் ஜோடி சேர்த்தார்களோ என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம் இருந்தது.

கனிமொழி வயிற்றில் இருக்கும்போதே குரூப் ஃபோர் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். ஹால் டிக்கெட் வந்தபோது அவளுக்கு ஐந்து மாதம். தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வாயில் வைத்ததில்லை. சரி, இந்த வருஷம் கொடுத்து வைக்கவில்லை என்று நான் விட்டுவிட்டேன். இவர்தான் விடவில்லை. நீ எழுது, பாப்பாவ நான் பாத்துக்கறேன் என்றார். பாலை யார் கொடுப்பது, நீங்களா என்று எரிந்து விழுந்தேன். எழுந்து போனவர், நேராகக் கிராம நர்ஸ் வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார்.

பாலைப் பீச்சிச் சுத்தமான டப்பாவில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். வேண்டும்போது டப்பாவைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தெடுத்து, பாலாடைச் சங்கில் புகட்டலாம். நேராக அடுப்பில் மட்டும் வைக்கக் கூடாது. நர்ஸ் சொன்னது இவ்வளவுதான். என் மாமியார் கருப்பிக்கு அது பிடிக்கவே இல்லை.

"தாயிப்பாலு நெருப்பக் காணக் கூடாது. கண்டுச்சுன்னா தாய்க்கு வத்திப்போவும்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை.

மாமியாருக்கு மலைப்பாதையில் பஸ் ஏறினால் குடலே வெளியில் வந்துவிடும். அதனால் நாங்கள் மூன்று பேரும்தான் கிளம்பினோம். காலையில் சித்தேரியிலிருந்து புறப்பட்டால் தேர்வு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. முதல் நாளே தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் எடுத்தோம். அங்கே மேனேஜர் முருகேஷ். இண்டூர்க்காரர், பார்த்தாலே ஏற்கனவே யாரிடமோ சண்டை போட்டுவிட்டு வந்தவர் மாதிரி இருப்பார். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால், ரூமில் எதையும் சமைக்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்ததைக் காட்டினார். மேஜைமேல் இருக்கும் கெட்டிலில் தண்ணீரைத் தவிர ஒன்றும் ஊற்றக் கூடாதாம். கல்யாணத்துக்கு வந்த ஒரு குடும்பம் அதில் பால் காய்ச்சி அடிப்பிடிக்க வைத்துவிட்டதாம். இன்னொருவர் முட்டை வேக வைத்தாராம். இவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பால் டப்பாவை மட்டும் உங்கள் ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று நான் கேட்டேன். முருகேஷ் அண்ணன் குழந்தையைப் பார்த்தார், முணுமுணுத்தார், பிறகு சோடா பாட்டில்களைத் தள்ளி ஒரு மூலையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் குழந்தைக்கு வயிறு நிறையக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். கெட்டிலில் தண்ணீர் சுட வையுங்கள், மக்கில் ஊற்றுங்கள், டப்பாவை அதில் வையுங்கள் என்று பாடம் நடத்தினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் எனக்கே பயம் வந்துவிட்டது. குடிக்காமல் அழுதால் பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள், அழுகிற சத்தம் கேட்டாலே நான் எழுந்து வந்துவிடுகிறேன் என்றேன். எழுந்து வந்தால் திரும்ப உள்ளே போய் எழுத முடியாது. அது அவருக்கும் தெரியும்.

"சத்தம் கேட்டுதுன்னு நீயா எந்திரிச்சு வராத சுமித்ரா. முடியலன்னா நானே ஆள உட்டுக் கூப்புடறேன். கூப்புட்டா மட்டும் வா" என்றார்.

அவர் ஒன்றைச் சொன்னால் அது அதுதான். அந்த நம்பிக்கையில்தான் படி இறங்கினேன்.

ரூமில் அதன்பிறகு நடந்ததை இவரும் முருகேஷ் அண்ணனும் சொன்னதைச் சேர்த்து வைத்துத்தான் சொல்கிறேன். நான் போன கொஞ்ச நேரம் குழந்தை ஃபேனைப் பார்த்து விளையாடியிருக்கிறாள். பிறகு என்னைத் தேட ஆரம்பித்திருக்கிறாள். இவர் கீழே போய் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் சொன்னபடியே தண்ணீரைச் சுட வைத்து மக்கில் ஊற்றினார். டப்பாவை உள்ளே இறக்கப் போகும்போது ஆவி வந்து கையில் பட்டிருக்கிறது. அவ்வளவுதான், அம்மா சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. கொதித்த தண்ணீருக்கும் நெருப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கையை இழுத்துக்கொண்டார்.

சரி, இப்படியே கொடுத்துப் பார்ப்போம் என்று ஃப்ரிட்ஜிலிருந்து வந்த பாலைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டினார். ஜில்லென்று இருந்ததும் கனிமொழி துப்பிவிட்டாள். மறுபடி புகட்டினார், மறுபடி துப்பினாள். பிறகு அழுகை. அவள் அழுதால் சும்மா அழமாட்டாள், என் மகள் இல்லையா. லாட்ஜே கேட்டிருக்கும்.

அந்த ரூமில் அவர் நின்ற நிலையை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு வலிக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனால் என் பரீட்சை போய்விடும். பாலைச் சூடு பண்ணினால் என் மார் வற்றிப்போய்விடும், அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கப்புறம் குழந்தைக்குப் பாலே இருக்காது. நமக்கு இது வேடிக்கை. அவருக்கு அது அம்மா சொன்ன சொல். பக்கத்தில் கேட்பதற்கும் யாரும் இல்லை.

அப்போதுதான் மேஜைமேல் இருந்த கிழங்குப் பொட்டலம் கண்ணில் பட்டிருக்கிறது. மாமியார் உப்புப் போட்டு வேக வைத்து, வழியில் தின்பதற்காகக் கட்டிக் கொடுத்த குச்சிக்கிழங்கு. விறைத்துப்போய்க் கிடந்தது. மலையில் குளிர்காலத்தில் விடியற்காலையில் சாமைக் காட்டுக்குப் பன்றி விரட்டப் போகும்போது, சுடச்சுட இரண்டு கிழங்கை மடியில் கட்டிக்கொண்டு போவார். பசித்தால் தின்பதற்கு, அதுவரைக்கும் வயிற்றுக்குக் கதகதப்பு. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு போகிறான் என்று அதை யாரும் சொன்னதில்லை. அவருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. கிழங்கு சாப்பிடுகிற பொருள், மண்ணில் விளைந்தது, அது எப்படி நெருப்பாகும்? கிழங்கை எல்லாம் எடுத்துக் கெட்டிலுக்குள் அடைத்து, தண்ணீரை ஊற்றி, சுவிட்சைப் போட்டுவிட்டார்.

அழுகையும் வாசனையும் சேர்ந்து முருகேஷ் அண்ணனை மாடிக்கு இழுத்துக்கொண்டு வந்திருக்கின்றன. கதவைத் திறந்தால் கெட்டில் மூடி துள்ளிக்கொண்டிருக்கிறது, உள்ளே கிழங்கு. அவர் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"அண்ணா, கொஞ்சம் பொறுத்துத் திட்டுங்க. இப்ப இந்தப் புள்ளையப் புடிங்க."

பிடிக்கிறேன், பிடிக்க மாட்டேன் என்று சொல்வதற்கு அவருக்கு நேரமே இல்லை. குழந்தை கைக்கு வந்துவிட்டது. அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ரூமுக்குள் இங்கும் அங்கும் நடக்க, இவர் ஆவி பறக்கும் கிழங்கை எடுத்துத் துண்டில் பரப்பி, நடுவில் பால் டப்பாவை வைத்து, சுற்றி மூடினார். முட்டைமேல் அடைகாக்கிற கோழி மாதிரி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சொட்டு எடுத்து மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார். பதமான சூடு. கனிமொழி இந்த முறை துப்பவில்லை. விக்கி விக்கிக் குடித்தாள், குடித்தபடியே இவர் மடியில் தூங்கிப்போனாள்.

அதோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். இவரால் முடியுமா? குழந்தை தூங்கியதும் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. பாலுக்குச் சூடு கிழங்கிலிருந்து வந்தது. கிழங்குக்குக் கெட்டிலிலிருந்து. கெட்டிலுக்குக் கரண்டிலிருந்து. அப்படியானால் கரண்ட் நெருப்பா, இல்லையா? வாய்விட்டே கேட்டிருக்கிறார். முருகேஷ் அண்ணன், விஷயம் தெரியாமல், ஒவ்வொரு தடவையும் கரண்ட் பில்லைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது, அது நெருப்பேதான் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், இவர் முகம் செத்துப்போய்விட்டது. பிறகு காரணம் தெரிந்து, அதெல்லாம் ஒன்றும் ஆகாது தம்பி என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். முதலில் விழுந்த சொல்தான் இவருக்கு.

இங்கே நான் தேர்வு அறையில் பாதிக் கேள்வியைத் தாண்டியிருந்தேன். வெளியே மரத்தடியில் குழந்தைகளை வைத்துக்கொண்டு நிறையப் பேர் காத்திருந்தார்கள். திடீரென்று ஒரு குழந்தை அலறியது. எனக்கு எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. கனிமொழிதான், இல்லை, அவள் குரல் இப்படி இருக்காது, அவள்தான். மனசு ஒரு பக்கம் இப்படி அடித்துக்கொள்ள, உடம்பு காத்திருக்கவில்லை. நெஞ்சு கடுத்து, பால் சுரந்து, ரவிக்கையெல்லாம் நனைந்து புடவைக்கு வந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். பெஞ்சிலிருந்து பாதி எழுந்தும்விட்டேன். மேற்பார்வைக்கு நின்ற டீச்சர் என்ன என்று கண்ணால் கேட்டார்.

கூப்பிட்டால் மட்டும் வா என்றாரே. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. சிலம்பரசன் கூப்பிடுகிறேன் என்று சொன்னால் கேட்டில் நிற்கிற போலீஸ்காரர் காலில் விழுந்தாவது உள்ளே ஆள் அனுப்பியிருப்பார். ஒன்றுமில்லை மேடம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு மீதியையும் எழுதி முடித்தேன்.

மணி அடித்ததும் ஓட்டமும் நடையுமாக லாட்ஜுக்கு வந்தேன். ரூம் கதவு திறந்திருந்தது. முருகேஷ் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து கிழங்கு தின்றுகொண்டிருந்தார். கட்டிலில் இவர், மடியில் குழந்தை, குழந்தையின் வாயோரம் காய்ந்த பால். எனக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. இவர் மட்டும் என்னை ஏதோ ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பரீட்சை எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்குச் சுர்ரென்று வந்தது. முருகேஷ் அண்ணன் நிலைமையைப் புரிந்துகொண்டு, கெட்டிலைக் கழுவி வைக்கச் சொல்லிவிட்டு, கையில் இன்னொரு கிழங்கோடு வெளியே போனார்.

அவர் போனபிறகுதான் இவர் வாயைத் திறந்தார். ஆவி, கிழங்கு, கரண்ட் எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "பாலு இருக்குதா பாரு சுமித்ரா. போயிருந்தா எம்மேலதான் தப்பு. நீ எந்திரிச்சு வந்தரக் கூடாதுன்னுதான் செஞ்சேன்" என்றார்.

  அவர் கையைப் பிடித்து இழுத்து, மூடியிருந்த முந்தானையை விலக்கி, ஈரத்தின்மேல் வைத்தேன்.

"வேர்வையா?" என்றார்.

"பாலு மாமா. ரூமுக்கு வர்ற வரைக்கும்கூட நிக்கல."

 கையை எடுக்காமலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. குழந்தை எழுந்துவிடும் என்று சத்தமே வராமல் அழுதார். வாசனைக்கோ என்னவோ கனிமொழி விழித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கைகாலை ஆட்டினாள். அவளை வாங்கி மாரோடு அணைத்தேன். அவள் மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். துண்டில் மிச்சமிருந்த கிழங்கை எடுத்துப் பிட்டு வாயில் போட்டார். காலையிலிருந்து அவர் சாப்பிட்ட முதல் வாய் அதுதான்.

ஆறிப்போன அந்தக் கிழங்கை மென்றுகொண்டேதான், எல்லாக் கேள்வியும் எழுதினியா என்று கேட்டார்.