சார்ஜ் சாக்கெட்டில் அப்பிய சந்தனம்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பீன்யா தொழிற்பேட்டையில் சொந்த லேத் பட்டறை போட்டவன். எந்த மெஷினும் என்னிடம் வாலாட்டியதில்லை. ஆயுத பூஜைக்கு மருமகளின் எலக்ட்ரிக் ஸ்கூட்டரை நானே கழுவி, சார்ஜ் போடும் சாக்கெட்டுக்குள்கூடச் சந்தனத்தைக் குழைத்து அப்பினேன்.

மாலையில் அவள் சார்ஜரைச் சொருகியதும் பட்டென்று பொறி பறந்தது. அவள் விரல் வெந்துபோனது. மறுநாளே அவளையும் கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போய்க் கத்தினேன்: "டப்பா வண்டியை எங்க தலையில கட்டிட்டீங்களா?"

மெக்கானிக் பெண் டார்ச் அடித்துக் காட்டினாள். சாக்கெட் உள்ளே உலோகப் பின்களிலெல்லாம் சந்தனம். "இங்க ஈரமே படக்கூடாது அங்கிள். யார் பண்ண வேலை இது?"

விரலில் கட்டோடு நின்ற மருமகள், "நான்தான் சிஸ்டர்" என்றாள்.

"படிச்சவங்கதானே நீங்க? அறிவு வேணாம்?"

அந்தத் திட்டையும் அவளே வாங்கிக்கொண்டாள். நான் பேசாமல் நின்றேன். இதை எழுதும்போதும் பற்றிக்கொண்டு வருகிறது, என் மேல்தான்.