எண்பது கிலோ சக்கரம்

சாரம் பகுதியில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சின்னக்கண்ணு ஃபிட்டர். கட்டில், ஸ்ட்ரெச்சர், தண்ணீர் மோட்டார், பூட்டு, எது கெட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு முன் பதினெட்டு வருடம் மில்லில் வேலை. மில் மூடிய பிறகு நாலு வருடம் கிடைத்ததைச் செய்துகொண்டு அலைந்தார். ஐம்பது வயதில் அமைந்த இந்த வேலையும் போனால் இனி ஒன்று கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். அதனாலேயே யாரையும் எதிர்த்துப் பேச மாட்டார்.

2004 ஆடி மாதத்தில் எக்ஸ்ரே மெஷினின் சக்கரங்கள் தேய்ந்துபோயின. எழுந்து நடக்க முடியாத நோயாளிகளுக்குப் படுக்கை அருகிலேயே தள்ளிக்கொண்டு போய்ப் படம் எடுக்கும் மெஷின் அது. எடை முந்நூற்று இருபது கிலோ. அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் கிடையாது. மாடிக்கு ராம்ப் என்ற சரிவுப் பாதையில்தான் ஏற்ற வேண்டும்.

மேனேஜர் கமலக்கண்ணன் நாலு புதுச் சக்கரம் வாங்கி வந்தார். சின்னக்கண்ணு ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். தாங்கும் எடை 80 கிலோ என்று பொறித்திருந்தது. பழைய சக்கரத்தில் 150 இருந்தது.

"சார், இது கொஞ்சம் சின்னதா இருக்கே?"

"நாலு எண்பது எவ்ளோ? முந்நூத்தி இருவது. மெஷினு எவ்ளோ? அதே முந்நூத்தி இருவது. சரியாத்தான இருக்கு? மாட்டுங்க."

காகிதத்தில் சரிதான். ஆனால் தரை எங்கும் ஒரே மட்டமாக இருப்பதில்லை. ஏதாவது ஒரு மேட்டில் ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டால் மற்ற மூன்றும்தான் முழு எடையையும் சுமக்கும். மூன்று எண்பது இருநூற்று நாற்பது. மீதியை எது தாங்கும்? மில்லில் நூல் உருளை வண்டி தள்ளிய காலத்திலேயே அவருக்கு இது தெரியும். எடையை மூன்றால் வகுத்து, வருவதற்கு மேலும் கொஞ்சம் கூட்டித்தான் சக்கரம் வாங்க வேண்டும். எல்லாம் வாய்வரை வந்தது. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு மாட்டினார்.

அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. ராம்ப் பாதியில் ஒரு திருப்பம் உண்டு. நோயாளிகளோடு வந்தவர்கள் டிபன் கேரியரும் கையுமாக அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். மேலிருந்து மெஷின் கைநழுவினால் நேராக அவர்கள்மேல்தான் போகும். மெஷின் கிளம்பும்போதெல்லாம் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, சரிவின் கீழ்ப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"இன்னாண்ணே, கீழ வந்து நிக்கிறீங்க? மேல வந்து புடிங்க" என்றாள் எக்ஸ்ரே எடுக்கும் துர்கா.

"பரவால்லம்மா. நீ பாத்து வா."

முந்நூறு கிலோவை மார்பு கொடுத்து நிறுத்த முடியாது என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் வேறெங்கும் நிற்க முடியவில்லை. வீடு இருந்த தவளக்குப்பத்தின் கடைத்தெருவில் யாரோ மூட்டை வண்டி தள்ளிப் போனாலும் நின்று அதன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

ஒன்பதாம் நாள் காலை, மெஷின் திருப்பத்தில் இறங்கும்போது 'நறுக்'கென்று ஒரு சத்தம். மெஷின் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது. சுவரோரம் குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். தரை ஓடு உடைந்திருக்கும் என்று நினைத்தாள் துர்கா. சின்னக்கண்ணுவுக்கு அது எந்தச் சத்தம் என்று தெரிந்துவிட்டது.

மெஷினைக் கீழே எக்ஸ்ரே அறையில் விட்டதும் குனிந்து பார்த்தார். முன்சக்கரம் ஒன்றின் ரப்பர் பிளந்திருந்தது. அதைப் பிடித்திருந்த இரும்பும் விரிந்திருந்தது. மேனேஜர் அறைக்குப் போனார். போனில் பேசிக்கொண்டிருந்த கமலக்கண்ணன், அப்புறம் வா என்று கையாட்டினார். சின்னக்கண்ணு திரும்பி வந்தார். மெஷினுக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, அந்தச் சக்கரத்தைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. இனி மெஷின் நகராது, யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தார்.

அரை மணி நேரத்தில் துர்கா ஓடி வந்தாள்.

"அண்ணே, மெஷின்ல ஒரு சக்கரத்தக் காணோம்! மேல ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்குது. டாக்டரு ஒடனே படம் கேக்குறாரு!"

ஒருவர் சாகாமல் இருக்கக் கழற்றியது இன்னொருவரைச் சாகடித்துவிடுமோ? ஐந்து நிமிடத்தில் அதை மாட்டிவிடலாம். சின்னக்கண்ணு பையைத் திறந்தார். பிளவைப் பார்த்தார். சக்கரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

"சார், நான்தான் கழட்டினேன்."

டாக்டர் ஒரு கணம் புரியாமல் பார்த்தார். "போய் மாட்டுய்யா மொதல்ல!"

"மாட்ட மாட்டேன் சார். ராம்ப்புல சக்கரம் வுட்டுதுன்னா மெஷினு உக்காந்துகினு இருக்குற ஜனங்க மேல போவும். அவர நாங்க ஸ்ட்ரெச்சர்ல கீழ தூக்கிகினு போறோம்."

மாட்டேன் என்று அவர் வாழ்க்கையில் ஒரு மேலதிகாரியிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. நேரமில்லாமல் டாக்டரும் ஒத்துக்கொண்டார். நாலு பேர் தூக்கினார்கள். தலைமாட்டில் சின்னக்கண்ணு. துர்கா ஆக்சிஜன் குழாயைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். பெரியவரின் உதடு நீலம் பாரித்திருந்தது. ராம்ப் முடிவதற்குள் மூச்சு நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு அடிக்கும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இறங்கினார் சின்னக்கண்ணு.

கட்டை முட்டில் நின்ற மெஷினிலேயே துர்கா படம் எடுத்தாள். நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருப்பது அதில் தெரிந்தது. டாக்டர் அங்கேயே காற்றை வெளியேற்ற நெஞ்சில் குழாய் செருகினார். பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

மாலையில் டாக்டர் மேனேஜரையும் சின்னக்கண்ணுவையும் கூப்பிட்டார். சக்கரத்தின் பிளவில் தன் கட்டைவிரலை நுழைத்துப் பார்த்தார். சின்னக்கண்ணு மூன்றால் வகுக்கும் கணக்கைத் திக்கித் திக்கிச் சொன்னார். கமலக்கண்ணன் தலை குனிந்திருந்தார்.

"நாளைக்கே நூத்தம்பது கிலோ சக்கரமா வாங்குங்க" என்ற டாக்டர், சின்னக்கண்ணுவின் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் ஒம்போது நாள் ஓட்ட வுட்டிருக்க. அதுக்கு இன்னா சொல்ற?"



வேலை போகவில்லை. கமலக்கண்ணன் மட்டும் தீபாவளி வரை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. டாக்டர் அப்படிக் கேட்ட அன்று மாலை வெளியே வந்தவர், சைக்கிள் பூட்டைத் திறந்தும் ஏறவில்லை. தெருவிளக்குகள் எரியும் வரை நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, வீட்டுக்குப் போகும் கடலூர் ரோட்டுப் பக்கம் நடந்தார்.