நீச்சல் மண்டபத்து இரைச்சலை அடக்கிய ஹில்க்கா

ஹில்க்கா ரந்தானெனுக்குப் பிறவியிலேயே பெரிய குரல். ஏரியின் இந்தக் கரையில் நின்று தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டால், அக்கரையில் வலை இழுப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஏரி உறைந்து கிடக்கும் மாதங்கள் போக மிச்ச நாளெல்லாம் தண்ணீரிலேயே வளர்ந்த பெண். எழுபதுகளில் எங்கள் நகராட்சி நீச்சல் மண்டபம் கட்டி முடித்துப் பயிற்சியாளர் வேண்டும் என்று சொன்னபோது, வேறு ஆளை யாரும் தேடவே இல்லை.

மண்டபம் பார்க்க அழகு. தரையிலும் சுவரிலும் வெள்ளை ஓடு, மேலே சிமெண்ட் கூரை, ஏரியைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி. காதுக்குத்தான் அது நரகம். ஒரு குழந்தை ‘அம்மா’ என்று கத்தினால், அந்தச் சத்தம் கூரையில் முட்டிக் கண்ணாடியில் மோதித் திரும்பி வருவதற்குள் இன்னும் பத்துக் குழந்தைகள் கத்தியிருக்கும். எல்லாம் சேர்ந்து கஞ்சிபோலக் குழம்பிக் கிடக்கும். அதற்கு மேலே கேட்க வேண்டுமென்று ஹில்க்கா இன்னும் உரக்கக் கத்துவாள். பத்து வருஷம் அப்படிக் கத்தியதில் குரல் கரகரத்துப் போயிற்று. தொண்டை டாக்டர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “குரல் நாண்ல முடிச்சு விழுந்திருக்கும்மா. கத்துறத நிறுத்துங்க. இல்லேன்னா வேலைய மாத்துங்க.”

அவள் இரண்டையும் செய்யவில்லை. சூடாகப் பழரசம் குடித்துவிட்டு மறுநாளும் விசிலோடு குளத்தடிக்குப் போனாள்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் அது நடந்தது. மேர்வி என்றொரு சிறுமி, ஆழமான பக்கத்து விளிம்பில் குதிக்கத் தயாராக நின்றாள். அவளுக்கு நேர் கீழே ஸாத்து என்ற இன்னொரு சிறுமி முங்கி எழுந்துகொண்டிருந்தாள். மறுகோடியில் நின்ற ஹில்க்கா அதைப் பார்த்துவிட்டு, இருக்கிற குரலையெல்லாம் திரட்டி, “குதிக்காதே!” என்று கத்தினாள். மேர்வி இவளைத் திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள். குதித்தாள்.

ஸாத்துவுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸ் போன பிறகு, துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கிய மேர்வி, “நீங்கதானே குதின்னு சொன்னீங்க!” என்று அழுதாள்.

ஊரில் பேச்சு கிளம்பக் கேட்கவா வேண்டும்? ஸாத்துவின் அம்மா ரய்லி கோசோனென், கடையில் ரொட்டி வாங்க நின்ற வரிசையில் எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னாள்: “குழந்த மேல குழந்தையக் குதிக்கச் சொன்ன மகராசிக்கு இன்னும் சம்பளம் கொடுக்கிறாங்க.” மண்டபத்து மேலாளர் நல்லெண்ணத்தோடுதான் ஹில்க்காவுக்கு ஒரு வழி காட்டினார்: “பயத்துல புள்ள பொய் சொல்லுதுன்னு எழுதிடலாம். யாரும் மேல கேக்க மாட்டாங்க.”

“அவ பொய் சொல்லல சார்,” என்றாள் ஹில்க்கா. “அவளுக்கு அப்படித்தான் கேட்டிருக்கு. அது ஏன்னுதான் எனக்குத் தெரியணும்.”

அந்தக் கேள்வியோடு அவள் போய் நின்ற இடம் ஊர் நூலகம். நூலகர் கெர்த்து யூலோனென் அவளோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். குளோரின் வாடையோடும் ஈரத்தலையோடும் வந்து நின்ற சிநேகிதியை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

“நீயா? இங்கயா? வழி தவறி வந்துட்டியா?”

“போடி. சத்தத்தப் பத்தி என்ன வச்சிருக்க?”

“என்ன சத்தம்? பாட்டா, சண்டையா?”

“பெரிய கட்டடத்துக்குள்ள பேசுனா பேச்சு ஏன் கெட்டுப்போகுது? அது.”

கெர்த்து சிரிப்பை நிறுத்தினாள். புத்தகப் பட்டியல் அட்டைகள் அடுக்கிய இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் புரட்டினாள். எங்கள் ஊர் இருப்பில் அகப்பட்டவை இரண்டே. ஒன்று பள்ளிக்கூட இயற்பியல். மற்றது, தேவாலயங்களில் ஆர்கன் வாத்தியம் அமைப்பவர்களுக்காக ஒரு பாதிரியார் எழுதியது.

முதல் வெளிச்சம் வந்தது பாதிரியார் புத்தகத்திலிருந்துதான். கல்லால் கட்டிய கோயிலில் சத்தம் உடனே சாவதில்லை, சுவருக்குச் சுவர் அலைந்து மெல்லத்தான் தேயும், அப்படித் தேய எடுக்கும் நேரம் நீள நீள வாத்தியத்துக்கு வரம், பிரசங்கத்துக்கு எமன் என்று அவர் எழுதியிருந்தார். ஹில்க்கா அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தாள். அவள் பள்ளியை விட்டு வெகு சீக்கிரமே வெளியே வந்தவள். ஒரு கணக்குக் குறி வந்தாலே புத்தகத்தை மூடிவிடத் தோன்றும். ஆனால் இங்கே எழுதியிருந்தது அவளுடைய மண்டபம். அதில் அவளுக்குத் தெரியாத மூலை கிடையாது.

“இது பத்தாது,” என்றாள் கெர்த்துவிடம். “இந்த ஆள் மேல போகாம நிறுத்திட்டார்.”

“ஹெல்சிங்கியில தொழில்நுட்பப் பல்கலைக்கழக நூலகம் இருக்கு. கேட்டா தபால்ல அனுப்புவாங்க. ஆனா ஹில்க்கா, அதெல்லாம் இஞ்சினியருங்க படிக்கிறது.”

“இஞ்சினியருக்கும் காது ரெண்டுதானே? வரவழை.”

பெட்டி வந்தது. கட்டட ஒலியியல் பற்றிய தடித்த பாடநூல் ஒன்று, தொழிற்சாலை இரைச்சலைக் குறைப்பது பற்றிய கையேடு ஒன்று. இரவல் கெடு கொஞ்ச நாள்தான். ஹில்க்கா இரண்டு வகுப்புகளுக்கு இடையில் நூலகத்துக்கு ஓடி வந்து, ஜன்னலோர மேசையில் விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தாள். தரை ஓடுகளும் கண்ணாடியும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும், கம்பளியும் பஞ்சும் விழுங்கும் என்ற அத்தியாயம் வரை வந்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊரெல்லாம் சுற்றிக் கந்தல் துணியில் நெய்த தரைவிரிப்புகளையும் பழைய கம்பளிப் போர்வைகளையும் வாங்கி வந்தாள். காவலாளியைக் கெஞ்சி ஏணி பிடிக்கச் சொல்லி, பார்வையாளர் மாடத்துக் கம்பி முழுக்கத் தொங்கவிட்டாள்.

முதல் நாள் நிஜமாகவே சத்தம் கொஞ்சம் அடங்கிற்று. ஒரு வாரத்தில் போர்வைகள் ஈரத்தைக் குடித்துக் கனத்தன. அடுத்த வாரம் பூஞ்சணம் பூத்தது. நனைந்த ஆட்டு மந்தையைக் குளத்தில் இறக்கிய மாதிரி ஒரு நாற்றம். மண்டபத்துச் சவுனாவின் நீராவிக்குள் தினமும் உட்காரும் கிழவர்கள் அவளை விடுவார்களா?

“ஹில்க்கா, ஆடுங்களுக்கு நீச்சல் வகுப்பு எந்தக் கிழமை?”

“எங்களுக்குச் சத்தமே பரவாயில்ல தாயி. மூக்க மூட எதாவது புத்தகத்துல போட்டிருக்கா பாரு.”

மேலாளர் எல்லாவற்றையும் கழற்றிக் குப்பை வண்டியில் ஏற்றினார். ஹில்க்கா நேரே நூலகத்துக்குப் போய் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். “அசிங்கமாப் போச்சுடி.”

“புத்தகத்த எந்தப் பக்கம் வரைக்கும் படிச்ச?” என்றாள் கெர்த்து.

“பாதி.”

“ஈரத்தப் பத்தி எங்கயாவது இருந்துதா?”

“இருந்திருக்கும். மீதிப் பாதியில.”

கெர்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் ஹில்க்காவும் சிரித்தாள். பிறகு இருவரும் சேர்ந்து அதே புத்தகத்துக்கு மறுபடி எழுதிப் போட்டார்கள். இந்த முறை கெர்த்து அதோடு நிற்கவில்லை. கட்டடக்கலைப் பத்திரிகைகளின் பொருளடைவுகளைத் தேடி, குளிப்பறை, பால் பண்ணை, நீச்சல் குளம் என்று ஈரமும் இரைச்சலும் சேர்ந்த இடங்களைப் பற்றி வந்தவற்றையெல்லாம் பொறுக்கினாள். ஒன்று ஸ்வீடிஷ் மொழியில் இருந்தது. கெர்த்து வாசித்து வாசித்துச் சொல்ல, ஹில்க்கா கேட்டுக்கொண்டாள். கணக்கு வந்த இடத்தில் இரண்டு பேரும் தலையைச் சொறிந்து, இயற்பியல் பாடப்புத்தகத்துக்குப் போய், மறுபடி திரும்பி வந்தார்கள். அந்தப் பனிக்காலம் முழுக்க அப்படியே போயிற்று.

படிக்கப் படிக்க, அன்று நடந்தது அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. பேச்சில் உயிரெழுத்துகளுக்குத்தான் பலம். மெய்யெழுத்துகள் சோனி. மண்டபத்தில் முன்னால் போன எழுத்தின் சத்தம் தேயாமல் நின்று, பின்னால் வரும் எழுத்தை மூடிவிடும். ‘குதி’ மேர்வியின் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ‘க்காதே’ அந்தக் குழம்பில் அமுங்கிவிட்டது. குதிக்கவே துடித்துக்கொண்டு நின்ற பிள்ளை. கேட்ட பாதியே அவளுக்குப் போதுமாயிருந்தது.

இன்னொன்றும் படித்தாள். அதுதான் அவளை உலுக்கியது. இப்படிப்பட்ட இடத்தில் குரலை உயர்த்தினால் எதிரொலியும் அதே அளவுக்கு உயரும். வார்த்தை துலங்காது, இரைச்சல்தான் பெருகும்.

மறுநாளே விசிலைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். குழந்தைகளை விளிம்போரம் தன்னைச் சுற்றி உட்காரவைத்து, சாதாரணக் குரலில் பாடம் சொன்னாள். நில், வா, மேலே ஏறு என்பதற்கெல்லாம் கையால் சைகை பழக்கினாள். நீண்ட கழியால் தண்ணீரைத் தட்டினால் எல்லோரும் அவளைப் பார்க்க வேண்டும். பத்து வருஷமாக அடங்காத இரைச்சல் அந்த மாதத்திலேயே பாதி அடங்கிற்று. மீதிப் பாதி கட்டடத்தின் வேலை.

அதற்கு நகராட்சிப் பொறியாளர் அர்மாஸ் துர்க்கியாவிடம் போனாள். விரட்டுவார் என்றுதான் நினைத்தாள். அவரோ கேட்டு முடித்ததும் எழுந்து போய்ப் பழைய வரைபடம் ஒன்றை விரித்தார்.

“கூரைக்குக் கீழ ஒலி உறிஞ்சுற பலகை வேணும்னு அப்பவே போட்டிருந்தேன். சிக்கனம்னு சபையில வெட்டிட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் கேக்கவும் இல்ல, நானும் விட்டுட்டேன்.”

“கூரைக்கு மட்டும் போட்டாப் பத்துமா சார்? கண்ணாடியும் பின்சுவரும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு நிக்குதே. நடுவுல கை தட்டுனா படபடன்னு அடிக்குது.”

அர்மாஸ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். “வாங்க, போய்த் தட்டிப் பாப்போம்.”

போனார்கள். தட்டிப் பார்த்தார்கள். பலூன் ஊதி உடைத்து, சத்தம் சாகிற வரை நிறுத்துக்கடிகாரத்தை ஓடவிட்டார்கள். கணக்கை அவர் போட்டார். குழந்தைகள் எங்கே கூடுவார்கள், பயிற்சியாளர் எங்கே நிற்பார், எந்த மூலையில் பேச்சு செத்துப்போகும் என்பதை அவள் காட்டினாள். கல்லை உருக்கி இழையாக்கிய கனிமப் பஞ்சை ஈரம் ஏறாத மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, துளையிட்ட பலகைக்குப் பின்னால் வைப்பது என்று ஸ்வீடிஷ் கட்டுரையில் இருந்த முறையை இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

சபை இரண்டாவது முறையும் வெட்டாமல் இருக்க வேண்டுமே! அதற்கு வழியும் ஹில்க்காவுக்குப் புத்தகத்தில் கிடைத்தது. ஓர் இடத்தில் பேச்சு எவ்வளவு புரிகிறது என்று பார்க்க, தொடர்பில்லாத சொற்களை வாசித்து, கேட்பவர்களை எழுதச் சொல்லும் சோதனை. சபை உறுப்பினர்களை ஒரு பள்ளி வகுப்பு நீந்தும் நேரமாகப் பார்த்து அழைத்தாள். கோட்டும் டையுமாக வியர்த்துக்கொண்டு ஆழமான பக்கத்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ரய்லி கோசோனெனும் வந்திருந்தாள். யார் அழைத்தது என்று சபையாருக்குத் தெரியவில்லை, ஹில்க்காவே நேரில் போய்க் கூப்பிட்டிருந்தாள்.

முந்தின நாள் சொற்களைத் தேர்ந்தபோது கெர்த்து சொன்னாள், “‘குதிக்காதே’யையும் சேர்த்துக்கோடி. அந்த ரய்லிக்கு உறைக்கும்.”

“வேண்டாம்,” என்றாள் ஹில்க்கா. “அவ புள்ளைக்கு எலும்பு ஒடைஞ்சிருக்கு. அத வச்சு நான் ஜெயிக்க வேண்டாம்.”

மறுகோடியில் நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். தாள்களை வாங்கி அர்மாஸ் உரக்கப் படித்தபோது ஒரே கூத்து. ‘கரண்டி’ ஒருவருக்குக் கரடியாகியிருந்தது. ‘வெண்ணெய்’யைச் சபைத் தலைவர் ‘கண்ணே’ என்று எழுதியிருந்தார்.

“வீட்டுல ஒரு நாளாவது அப்படிக் காதுல விழுந்திருக்கா உங்களுக்கு?” என்றாள் உறுப்பினர் வரிசையிலேயே இருந்த அவர் மனைவி. தலைவரும் சேர்ந்து சிரித்தார். யாருமே பாதிக்கு மேல் சரியாக எழுதவில்லை.

ரய்லி சிரிக்கவில்லை. தன் தாளையே பார்த்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் போன பிறகு ஹில்க்காவிடம் வந்தாள்.

“நீ அன்னிக்கு என்ன சொன்ன?”

“குதிக்காதேன்னுதான் சொன்னேன்.”

ரய்லி தலையாட்டினாள். “கடையில நான் பேசுனது உன் காதுக்கு வந்திருக்கும்.”

“அது மட்டும் நல்லாவே கேட்டுச்சு,” என்றாள் ஹில்க்கா.

ரய்லியின் முகம் கோணிற்று. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒன்று. “ஸாத்து திங்கக்கிழமையில இருந்து வருவா. அவளப் பாத்துக்கோ.”

அடுத்த கோடையில் மண்டபத்தை மூடி வேலை நடந்தது. கூரைக்குக் கீழும் பின்சுவரிலும் வெளிர்நிறப் பலகைகள் ஏறின. திறந்த அன்று முதலில் உள்ளே போனவள் மேர்வி. எப்போதும்போல உரக்கக் கத்திப் பார்த்தாள். சத்தம் போய்த் திரும்பி வராததால், திகைத்து நின்று, “அக்கா, என் சத்தம் எங்க போச்சு?” என்று கேட்டாள். ஹில்க்கா குளத்தின் மறுபக்கத்திலிருந்து, கரகரத்த சின்னக் குரலில், “சுவர் சாப்பிட்டிருச்சு” என்றாள். மேர்விக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. கண்ணாடிப் பக்கத்தில் ஒரு மூலை கடைசிவரை முரண்டு பிடித்தது. அவளுடைய பழைய குரலும் திரும்பவில்லை. ஆனால் ஓய்வு பெறும் வரை அதே குளத்தடியில் நின்று, ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் நீந்தக் கற்றுக்கொடுத்தாள்.

பக்கத்து ஊர்ப் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் இரைச்சல் தாங்கவில்லை என்று சமையல்காரப் பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். எந்தக் கடையில் எந்தப் பலகை வாங்குவது என்று கேட்டார்கள். ஹில்க்கா கோட்டை மாட்டிக்கொண்டு அவர்களோடு பஸ் ஏறினாள். கூடத்தில் நின்று ஒரு முறை கை தட்டினாள், கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

“உங்க ஊரு நூலகம் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?” என்றாள்.